வீட்டுச் செயற்கைப் புல் நைந்துவிட்டதா? பிரிப்பதும் புதிது போடுவதும்: நெல்லைப் பக்கத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்முற்றத்துக்கும் மொட்டை மாடிக்கும் 2018-இல் செயற்கைப் புல் போட்டோம். கடைகளில் கிராஸ் மேட் என்று சொல்வார்களே, அதுதான். மாடியில் கிடந்ததை 2022-லேயே பிரிக்க வேண்டி வந்தது. முற்றத்தில் கிடந்தது 2024 வரை தாங்கியது. நடுவில் கொக்கிரகுளத்தில் அத்தை வீட்டிலும், தென்காசியில் மைனி (அண்ணி) வீட்டிலும் கூடமாட நின்று பிரித்தேன். அதிலிருந்து தெருவில் யார் வீட்டுப் புல் நைந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார்கள். கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் "புதுசு எது வாங்கலாம் அண்ணாச்சி?" என்றுதான் தொடங்குகிறார்கள். பழைய புல்லுக்கு அடியில் இத்தனை வருடம் தண்ணீர் என்ன செய்தது என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்தப் பக்கத்திலும் வாங்குகிற பேச்சு பின்னால்தான் வரும்.

புல் படுத்துக் கிடக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா, வாரிவிட்டால் போதுமா?

படுத்துக் கிடப்பது மட்டும்தான் குறை என்றால் மாற்ற வேண்டாம். கெட்டியான தென்னந்துடைப்பத்தால், புல் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக, காலை வெயில் ஏறுவதற்கு முன் நான்கைந்து நாள் வாருங்கள். பாதிக்கு மேல் நிமிர்ந்துவிடும்.

மாற்ற வேண்டிய புல் வேறு மாதிரி இருக்கும். உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பச்சைத் தூளோ, ஒடிந்த நாரோ கையில் ஒட்டினால் பிளாஸ்டிக் வெயிலில் மக்கிப்போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து, ஒரு கொத்து நாரை இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். சும்மா வந்தால், அடித்துணியோடு நாரைப் பிடித்து வைக்கும் லேடெக்ஸ் பூச்சு போய்விட்டது. மூன்றாவதாக, ஒரு மூலையைத் தூக்கி அடியை முகர்ந்து பாருங்கள். புழுங்கின வாடை அடித்தால், மேலே புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும், ஒருமுறை முழுதாகத் தூக்கிப் பார்த்தே ஆகவேண்டும்.

தூளாக உதிர்கிற புல்லை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அந்தத் தூள் மழையில் வாய்க்காலுக்குப் போகும், தவழ்கிற பிள்ளையின் கைக்கும் போகும்.

பத்து வருடம் உழைக்கும் என்றுதானே சொன்னார்கள்?

நல்ல புல், நல்ல அடித்தளம், மிதமான வெயில் மூன்றும் அமைந்தால் எட்டு முதல் பதினைந்து வருடம் என்பது சரிதான். நம் ஊர் மொட்டை மாடி அந்தக் கணக்கில் வராது. நாள் முழுக்க மறைப்பே இல்லாத வெயில். பாலிஎத்திலீன் நாரில் புறஊதாக் கதிரைத் தாங்குவதற்கு ஒரு மருந்து கலந்திருப்பார்கள். அது குறைவாக இருக்கும் மலிவான புல், மாடியில் மூன்று நான்கு வருடத்திலேயே வெளுத்துவிடும். வேப்பமர நிழலில் கிடந்த எங்கள் முற்றத்துப் புல் ஆறு வருடம் தாங்கியதற்கு நிழல்தான் காரணம். இரண்டும் ஒரே ரோலில் வெட்டியவை.

எந்த மாதத்தில் பிரிக்கலாம்?

தை, மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில் கைவைத்தால் அடித்தளம் காயவே காயாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஆளும் நிற்க முடியாது, விரித்த ரோலும் சூட்டில் நீண்டு, பொழுது இறங்கியதும் சுருங்கி, இணைப்பு வாயைப் பிளக்கும். ஆனி, ஆடியில் நெல்லையில் காற்று மண்ணை வாரி இறைக்கும். பசை தடவிய இடமெல்லாம் தூசி படிந்து ஒட்டாது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் அதே மாதங்களில் சாரல். மைனி வீட்டில் ஆனி மாதம் பிடிவாதமாகத் தொடங்கி, பாதி பிரித்த தரையில் மூன்று வாரம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம்.

முற்றத்தில் மண்தரை மேல் போட்டிருக்கிறது. நாமே பிரிக்க முடியுமா?

தாராளமாக. இரண்டு பேர் இருந்தால் ஒரு சின்ன முற்றத்தை ஒரு காலைப்பொழுதில் பிரித்துவிடலாம். வேண்டியவை: கட்டர் கத்தி, அதற்கு மாற்று பிளேடுகள், ஆணி பிடுங்க சின்ன கடப்பாரை, மண்வெட்டி, முரட்டுத் தோல் கையுறை, மூடிய செருப்பு அல்லது ஷூ.

கையுறையும் ஷூவும் வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. புல்லின் அடிப்பக்கம் இருட்டும் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடம். பூரான், தேள், கரையான் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். எங்கள் வீட்டில் முதல் மூலையைத் தூக்கியதும் இரண்டு தேள். மூலையைக் கையால் தூக்காமல், கடப்பாரை நுனியை உள்ளே விட்டு நெம்பித் திறந்து, கொஞ்ச நேரம் வெளிச்சம் படவிட்டு, அதன்பின் கையை வையுங்கள். சுவரோரம் பொந்து தெரிந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுப் பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

முதலில் ஓரத்து ஆணிகளையும் வளைகம்பிகளையும் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு எண்ணுங்கள். வெறுங்காலோடு புழங்குகிற முற்றம் நம்முடையது. மண்ணுக்குள் ஒரு ஆணி மிஞ்சினால் யார் காலிலாவது ஏறும். வேலை முடிந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துப் பார்த்தேன். பதினோரு ஆணி சிக்கியது.

பிறகு, புல்லை முழு ரோலாகச் சுருட்டப் பார்க்காதீர்கள். இடுப்பு பிடித்துக்கொள்ளும். புல்லுக்குள் மணல் தூவியிருப்பார்கள். சதுர மீட்டருக்குப் பத்து கிலோ என்று வைத்தாலும், 20 அடிக்கு 12 அடி முற்றத்தில் மணல் மட்டும் 220 கிலோ வரும். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். அதனால் இரண்டடி அகலக் கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றாகத் தூக்கி, மணலை அங்கேயே உதறிவிட்டு, சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டுங்கள். வெட்டும்போது புல்லைத் திருப்பிப் போட்டு அடித்துணிப் பக்கமிருந்து வெட்டினால் பிளேடு சுலபமாக ஓடும்.

உதிர்ந்த மணலை மறுபடி பயன்படுத்தலாமா?

வெள்ளை மணல் மட்டும் என்றால், சலித்து, இரண்டு தண்ணீர் அலசிக் காயவைத்து அடித்தளத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கறுப்பு ரப்பர் துணுக்கு கலந்திருந்தால் வேண்டாம். அந்த மணலைப் பூந்தொட்டியிலோ தென்னை மூட்டிலோ கொட்டவும் வேண்டாம். அதில் பிளாஸ்டிக் தூள் நிறைய இருக்கும்.

மொட்டை மாடியில் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். எப்படி எடுப்பது?

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு அதிகம் செலவு வைத்தது இதுதான்.

2018-இல் புல் போட வந்தவர், மாடி முழுக்க ரப்பர் பசையைத் தடவி ஒட்டினார். மழைநீர் இறங்குகிற மூலை ஓட்டைக்கு மேலேயும் சேர்த்து ஒட்டிவிட்டார். கேட்டதற்கு, "புல்லுல துளை இருக்குல்லா அண்ணாச்சி, தண்ணி அது வழியாப் போயிரும்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். புல்லின் அடித்துணியில் துளை இருப்பது உண்மை. ஆனால் அந்தத் துளைகளுக்கு அடியில் பசையும், அதற்கடியில் சிமெண்டும்தான் இருந்தன. வேப்பஞ்சருகும் காற்று கொண்டுவந்த செம்மண்ணும் துளைகளை அடைத்தன. மூன்றாவது வருட ஐப்பசி மழையில், கீழே பிள்ளைகள் படுக்கிற அறையின் கூரையில் ஈரம் பூத்தது. மறுவருடம் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து விழுந்தபோது உள்ளே கம்பி துருவேறி இருந்தது. நல்லவேளை, அந்த நேரத்தில் அறையில் யாரும் இல்லை.

சரி, எடுக்கும் விதம். பகல் பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் பசை இளகும். அப்போது ஓரடி அகலக் கீற்றாக வெட்டி, ஒரு முனையைப் பிடித்து மெதுவாகப் பின்னோக்கி உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அடித்துணி கிழிந்து, பாதி தரையிலேயே நின்றுவிடும். வெயில் கடுமையாக இருப்பதால் அரைமணி வேலை, அரைமணி நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய பசையை, பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற தகடால் படுக்கையாகச் சுரண்டுங்கள். சுத்தியலும் உளியும் வேண்டவே வேண்டாம். தளத்தில் பதித்த தட்டோடு உடைந்தாலோ, சுருக்கி என்கிற சுண்ணாம்புத் தளம் பெயர்ந்தாலோ அந்த இடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும்.

பசையைக் கரைக்க பெட்ரோல், தின்னர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உச்சிவெயிலில், காய்ந்த பிளாஸ்டிக் நடுவில் அதைச் செய்வது நெருப்போடு விளையாடுவது. ஒட்டிக்கொண்ட மெல்லிய பசைப் படலம் கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். அதன்மேல் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு அடிப்பதாக இருந்தால் மட்டும், கம்பி பிரஷ் போட்டு அதையும் எடுத்தாக வேண்டும். பசை மேல் அந்தப் பூச்சு பிடிக்காது.

எல்லாம் எடுத்தபின் மாடியைக் கழுவிவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். மழைநீர் ஓட்டைகளைத் துணிப்பந்தால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒருநாள் முழுக்க விடுங்கள். கீழ் அறைகளின் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று மறுநாள் பாருங்கள். ஏற்கெனவே விரிசல் விட்டோ, பூச்சு பெயர்ந்தோ இருக்கும் கூரையில் இதைச் செய்யாதீர்கள், முதலில் கொத்தனாரையோ இன்ஜினியரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒழுக்கு இருந்தால் அதை அடைத்து முடிக்கும்வரை புதுப் புல் பேச்சே வேண்டாம்.

2023 வெள்ளத்தில் மூழ்கிய புல் இன்னும் கிடக்கிறது. கழுவினால் போதாதா?

அந்த டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் நெல்லைக்காரர் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறி வண்ணார்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் ஜங்ஷனுக்கும் ஏறி வந்தது. அத்தை வீட்டு முற்றத்தில் தண்ணீர் வடிந்ததும் புல்லை மேலாகக் கழுவி, பச்சையாகத் தெரிந்ததும் நிம்மதியாக விட்டுவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து நான் தூக்கிப் பார்த்தபோது, அடியில் ஒன்றரை அங்குல வண்டல் களி போல் இறுகிக் கிடந்தது. ஜல்லி இடுக்கெல்லாம் அடைபட்டு, சாதாரண மழைக்கே முற்றம் குளமாகிக்கொண்டிருந்தது.

வெள்ளத்தில் சாக்கடையும் சேர்ந்துதான் வந்தது. அந்தப் புல்லைக் கழுவி மீட்கப் பார்க்க வேண்டாம். எடுத்துவிடுங்கள். மேலாப்பு ஜல்லியையும் மாற்றுங்கள். ஈரமான வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் பூட்ஸ் போடாமல் இறங்கக் கூடாது.

பிரித்த புல்லை எங்கே கொண்டு போடுவது?

எங்கே போடக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன்.

எரிக்கக் கூடாது. போகிக்கு முதல்நாள் பிரித்து, மறுநாள் விடியலில் கொளுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அவரிடம் அரைமணி நேரம் நின்று பேசினேன். புல்லில் இருப்பது பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், செயற்கை ரப்பர். எரிந்தால் கிளம்புகிற கரும்புகை தெருவில் இருக்கிற ஆச்சிமார் நெஞ்சிலும் பிள்ளைகள் நெஞ்சிலும்தான் போய் நிற்கும். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடை செய்தன. ராமையன்பட்டி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, நாள்கணக்கில் ஊர் மூச்சுத் திணறியதை நாம் பார்த்திருக்கிறோம். அதில் ஒரு சிறு பங்கை நம் வாசலில் நடத்த வேண்டாம்.

வாய்க்காலில் போடக் கூடாது. பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய் மூன்றும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவை. சுருட்டிய புல் ஒன்று மடையில் சிக்கினால் கீழே உள்ள வயல்காரருக்குத் தண்ணீர் போகாது. அது நைந்து உதிர்கிற தூளும் அவர் வயலுக்குத்தான் போகும்.

காயலான் கடையில் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள். நார் ஒரு பிளாஸ்டிக், அடித்துணி வேறு பிளாஸ்டிக், நடுவில் ரப்பர் பூச்சு. பிரித்து உருக்குவது அவர்களால் ஆகாத காரியம்.

நான் செய்தது இது. மணலை உதறி, காயவைத்து, கீற்றுகளை ஒரு ஆள் தூக்குகிற அளவு சுருளாகக் கட்டினேன். வார்டு தூய்மைப் பணி மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, எந்த நாளில் எங்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தள்ளுவண்டி கொண்டுவருகிற அம்மாவின் தலையில் கட்டிவிடக் கூடாது. அன்றாட வீட்டுக் குப்பைக்கான வண்டி அது. லோடு ஆட்டோ வாடகை நம் செலவு என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புதிது போடுகிறவரே பழையதை எடுத்துப்போவதாகச் சொன்னால், எங்கே கொண்டுபோகிறார் என்று கேளுங்கள். ஊருக்கு வெளியே ஏதாவது குளத்தங்கரையில் தள்ளிவிட்டுப் போவதற்கு நாம் கூலி கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

இன்னும் கெட்டியாக இருக்கும் துண்டுகளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பைக் ஸ்டாண்டுக்கு அடியில், துணி துவைக்கிற கல்லைச் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் சாமான் போடும் இடத்தில். ஆடு மாடு கட்டுகிற இடத்தில் மட்டும் போடாதீர்கள். மென்று தின்றுவிடும்.

பழைய புல்லை எடுக்காமல் அதன் மேலேயே புதிதை விரித்தால் என்ன?

கூடாது. மெத்தென்று இருக்கும், இரண்டு மாதம் நன்றாகவும் இருக்கும். அப்புறம் இரண்டு அடுக்குக்கும் நடுவில் தண்ணீரும் சருகும் தங்கி நாறும், கொசு வரும், புதுப் புல்லும் சீக்கிரம் போய்விடும்.

அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

ஒரு வாளித் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சிவிட்டால் மேலே சமன் செய்வது மட்டும் போதும். தேங்கி நின்றால் தோண்ட வேண்டும்.

மண்ணைப் பொறுத்தும் வேலை மாறும். மேலப்பாளையம், பாளையங்கோட்டைச் செவல் மண்ணில் மூன்று நான்கு அங்குலம் தோண்டி, திமிசு போட்டு இறுக்கி, 20 மில்லிமீட்டர் ஜல்லி இரண்டரை அங்குலம், அதன்மேல் சிப்ஸ் என்கிற பொடி ஜல்லியும் கிரஷர் பொடியும் ஒரு அங்குலம் போட்டால் நிற்கும். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கரிசல். மழையில் உப்பும், கோடையில் விரல் நுழைகிற அளவு வெடிக்கும். அதன்மேல் நேரடியாக ஜல்லி போட்டால் அடுத்த கோடையில் ஜல்லி வெடிப்புக்குள் இறங்கிவிடும். கரிசலை முக்கால் அடியாவது எடுத்துவிட்டு சரள் மண் நிரப்பி இறுக்கிய பிறகுதான் மற்றது.

வாட்டம் முக்கியம். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் சாய்வு போதும், ஆனால் அது வீட்டுச் சுவரிலிருந்து வெளியே போவதாக இருக்க வேண்டும். ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்க எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். புல் போட வருகிறவர் அவ்வளவு தூரம் பார்க்கமாட்டார், ஆகையால் அடித்தளத்துக்குக் கொத்தனாரையே வையுங்கள்.

கோரை முளைக்கிற இடமானால், தோண்டும்போது கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கோரை எந்தத் துணியையும் குத்திக்கொண்டு வரும். ஜல்லிக்கு அடியில் தண்ணீர் இறங்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கலாம். களை வராது என்று கறுப்பு பாலிதீன் தாளை விரிப்பவர்கள் உண்டு. அது தண்ணீரையும் சேர்த்து மறித்துவிடும்.

தாமிரபரணி மணல்தான் வேண்டும் என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஆற்றைச் சுரண்டியது போதும், பாறையை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் இதற்குத் தாராளம். திருச்செந்தூர், உவரி கடற்கரை மணலும் ஆகாது. அதை அள்ளினால் கரையோரம் அரிக்கும், உப்பும் கூடவே வரும்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

பரப்பளவை மட்டும் பெருக்கிச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். ரோலின் அகலம் பெரும்பாலும் 2 மீட்டர், அதாவது ஆறரை அடிக்குச் சற்று மேல். 20 அடிக்கு 12 அடி முற்றம் என்று வைப்போம், 240 சதுர அடி. நீளவாக்கில் இரண்டு துண்டு விரித்தால் 13 அடி அகலம் கிடைக்கும், ஓரடி வெட்டிப்போடுவோம். வாங்க வேண்டியது 262 சதுர அடி, இணைப்பு ஒன்றே ஒன்று. அதையே குறுக்குவாக்கில் விரித்தால் மூன்று துண்டுக்கு 19 அடி 8 அங்குலம்தான் வரும். நான்கு அங்குலம் பற்றாது. அதற்காக நாலாவது துண்டு வாங்கினால் 315 சதுர அடி ஆகிவிடும், இணைப்பும் மூன்று. காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 50 மில்லிமீட்டர் புல் தொட்டால் சுகமாக இருக்கும், நாற்காலி போட்டு இரண்டு மாதத்தில் படுத்துவிடும். வீட்டுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் போதும். அதை விட முக்கியம் நெருக்கம். துண்டை வெளிப்பக்கமாக மடித்துப் பாருங்கள். நாருக்கு நடுவில் அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் நெருக்கம் குறைவு. ஒரே சதுர அடி அளவுள்ள இரண்டு மாதிரிகளைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் கனம் சொல்லிவிடும். கொத்து நாரை இழுத்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. வெயிலில் வெளுக்காது என்ற உத்தரவாதத்தை வாயால் சொன்னால் போதாது, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மாடிக்கா முற்றத்துக்கா என்பதையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள்.

விரிக்கும்போது உடன் நின்று என்ன கவனிக்க?

ரோலைப் பிரித்ததும் வெட்டவிடாதீர்கள். இரண்டு மணி நேரமாவது வெயிலில் விரிந்து கிடக்கட்டும், சுருக்கம் போய்ப் படியும். எல்லாத் துண்டிலும் நார் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் இரண்டு நிறப் புல் போலத் தெரியும், பின்னால் சரிசெய்ய முடியாது. நார் வீட்டு வாசலைப் பார்த்துச் சாய்ந்தால் உள்ளே இருந்து பார்க்க அடர்த்தியாகத் தெரியும். இணைக்கும் ஓரங்களில் முதல் இரண்டு தையல் வரிசையை வெட்டி நீக்கிவிட்டு, அடியில் நாடா வைத்து ஒட்ட வேண்டும்.

மொட்டை மாடியில் தரை முழுக்கப் பசை தடவ விடவே கூடாது. தண்ணீர் அடியில் ஓடுவதற்கு இடைவெளி தரும் பிளாஸ்டிக் வலைத்தட்டு கிடைக்கிறது. அதை விரித்து அதன்மேல் புல், ஓரத்தில் மட்டும் பிடிப்பு. மழைநீர் ஓட்டைக்கு மேலே ஓரடிக்கு ஓரடி சதுரம் வெட்டி, தனியாகத் தூக்குகிற மாதிரி விடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை தூக்கிச் சருகு எடுக்கலாம். ஆடிக் காற்று தூக்குமே என்று பயம் இருந்தால், சுற்றிலும் தொட்டிச் செடிகளை வரிசையாக வையுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் புல் சுருண்டு உருகியிருக்கிறது. தரக்குறைவா?

எதிரே பாருங்கள். முகப்பில் பெரிய கண்ணாடி வைத்த வீடு இருக்கிறதா, உங்கள் வீட்டிலேயே பளபளப்பான எவர்சில்வர் கைப்பிடியோ கேட்டோ இருக்கிறதா? கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் பாலிஎத்திலீன் இளகிவிடும். புதுப் புல்லும் அதே இடத்தில் உருகும். அந்த இடத்தில் ஒரு செம்பருத்தியோ அரளியோ நட்டு மறைத்துவிட்டு மாற்றுங்கள்.

வெயிலில் கால் வைக்க முடியவில்லை. புதுப் புல்லில் இந்தச் சூடு இருக்காதா?

இருக்கும். நேர்வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் குளிரும், அரைமணி நேரத்தில் பழைய சூடு திரும்பிவிடும். பிள்ளைகளைப் பத்து மணிக்கு மேல் நான்கு மணிக்குள் அதில் விளையாட விடாதீர்கள். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்த மாடியில் புல்லே போட வேண்டாம் என்பது என் கருத்து. வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் அந்த டைல்ஸ், அதை மூடிவிட்டால் போட்ட காசு வீண். எங்கள் மாடியில் 2022-க்குப் பிறகு புல் இல்லை.

விளையாட்டு டர்ஃப் மைதானத்தில் கழித்த புல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வீட்டுக்கு வேண்டாம். ஆயிரம் பேர் ஷூ காலோடு ஓடித் தேய்ந்தது. அதன் இடுக்கில் பழைய டயரை அரைத்த கறுப்புத் துணுக்குகள் இருக்கும். எத்தனை உதறினாலும் போகாது. இந்தத் துணுக்குகள் மண்ணிலும் தண்ணீரிலும் கலப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி கொண்டுவந்து, 2031-க்குப் பிறகு மைதானங்களுக்கு அவற்றை விற்க முடியாதபடி செய்திருக்கிறது. குழந்தை தவழும் முற்றத்துக்கு நாமே அதைக் காசு கொடுத்துக் கொண்டுவர வேண்டாம்.

நாய் வளர்க்கிறோம். வாடை போகவே மாட்டேன் என்கிறது.

மூத்திரம் அடித்துணியிலும் மணலிலும் தங்கிவிட்டால் எந்த வாசனைத் திரவமும் பலிக்காது. மாற்றும்போது பழைய மணலை முழுதாகத் தள்ளிவிட்டு, சாய்வைக் கூட்டி வையுங்கள். நாய்க்கென்று ஒரு மூலையில் வெறும் மண்ணை விட்டுவிட்டால் அது அங்கேதான் போகும்.

செயற்கைப் புல்லே வேண்டாம் என்று நினைக்கிறோம். நிஜப் புல் வளருமா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு மனம் நிறைந்துவிடும். மண்தரையும், ஆறு மணி நேர வெயிலும் இருந்தால் அருகம்புல் போடுங்கள். நம் மண்ணுக்கே உரியது. கோடையில் காய்ந்தாற்போல் கிடந்து, ஒரு மழைக்குப் பச்சையாகிவிடும். 2024-இல் எங்கள் முற்றத்தில் வேம்பின் நிழல் விழாத பாதிக்கு இதைத்தான் போட்டோம். நிழல் விழும் பாதிக்கு மட்டும் செயற்கைப் புல்.

ஜல்லியை ஒட்ட எடுத்துவிட வேண்டும், அதில்தான் பலர் சோம்பல் படுகிறார்கள். வருடக்கணக்காக மூடிக் கிடந்த மண் இறுகி, உயிரில்லாமல் இருக்கும். முக்கால் அடி கொத்திப் புரட்டி, மக்கிய தொழு உரம் கலந்து, இரண்டு வாரம் தண்ணீர் விட்டு ஆறப்போடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் கோரை தலைகாட்டும், கிழங்கோடு பிடுங்கிவிடுங்கள். வரப்பிலிருந்து வேரோடு எடுத்த அருகங்கொடியை இரண்டு கணு நீளத்துக்கு நறுக்கி, அரையடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். மற்ற மாதமானால் முதல் மூன்று வாரம் தினமும் காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் என்றால் இலை நுனி கருகலாம். எங்கள் முற்றத்தில் ஊன்றி இரண்டரை மாதத்தில் தரை மூடியது. முதல் வெட்டைக் கதிர் அரிவாளால் அறுத்தோம். இப்போது வெள்ளிக்கிழமை விடியலில் எதிர்வீட்டு ஆச்சி பிள்ளையாருக்கு ஒரு கைப்பிடி கிள்ளிக்கொண்டு போகிறார்.